பின்பாரம்

குருபரப்பள்ளிக்கும் சூளகிரிக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, பாறையும் செம்மண்ணும் கலந்த ஒரு மேட்டில் மூன்று மாடித் தொழிற்சாலை ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. சாலை இன்னும் நான்கு வழியாகாத தொண்ணூற்றாறாம் ஆண்டு அது. ஒரு திங்கட்கிழமை காலை பெங்களூரிலிருந்து லாரியில் இரண்டு எந்திரங்கள் அங்கே வந்து இறங்கின. இரண்டில் ஒன்றுதான் அங்கே தங்கும். எது என்பதை ஒப்பந்தக்காரன் சென்னகிருஷ்ணன் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லியாக வேண்டும். மற்றதை எந்திரக் கம்பெனிக்காரர் திரும்ப ஏற்றிக்கொண்டு போய்விடுவார்.

ஒன்று ஃபோர்க்லிஃப்ட். ஆனால் தொழிற்சாலைக்குள் சிமெண்டுத் தரையில் ஓடுகிற சின்ன வண்டி அல்ல. டிராக்டருக்குப் போடுவதுபோலப் பெரிய சக்கரங்கள். கல்லிலும் சேற்றிலும் ஏறி இறங்கும். முன்னால் இரண்டு இரும்புத் தூண்கள், அவற்றில் நேராக மேலே போய் நேராகக் கீழே வரும் இரண்டு இரும்புக் கைகள். சித்தாள் பெண்கள் அதற்கு எருமை என்று பேர் வைத்தார்கள். இன்னொன்று அவர்கள் கண்டிராத வண்டி. அதற்குத் தூண் இல்லை. முதுகின் மேல் நீளமாக ஒரு கை படுத்திருந்தது. ஓட்டுகிறவன் நெம்புகோலை அசைத்தால் அந்தக் கை எழுந்து, தனக்குள்ளிருந்தே இன்னொரு கையை நீட்டி, தூரத்தில் இருக்கும் இடத்தில் பாரத்தை வைத்துவிட்டுச் சுருங்கிக்கொண்டது. அதற்குக் கொக்கு என்று பேர்.

இப்படிப் பேர் வைத்துச் சிரித்தவர்கள்தான். ஆனால் அந்த வேலையிடத்தில் ஒன்றரை மாதமாகச் சிரிப்புக்கு அடியில் கோபம் கிடந்தது.

அதற்கு முன் அங்கே ஒரு பழைய ஃபோர்க்லிஃப்ட் வாடகைக்கு ஓடியது. ஓட்டியவன் தஸ்தகீர், சூளகிரிக்காரன், பொறுமைசாலி. பிளாக் கல் அடுக்கிய பலகை முழுப் பாரத்தோடு வந்தால் அந்த வண்டியின் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பும். பாரத்தைக் குறைத்து இரண்டு நடையாக ஏற்றலாம். ஆனால் சென்னகிருஷ்ணனுக்கு எப்போதும் அவசரம். மாட்டு வண்டியில் முன்பாரம் அதிகமானால் பின்னால் ஒருவனை ஏறி உட்காரச் சொல்வது ஊர் வழக்கம். அதையே அவன் எந்திரத்துக்கும் செய்தான். "ஹத்தம்மா, ஹத்து" என்று கன்னடத்தில் கையை அசைப்பான். ஏறு என்று பொருள். சித்தாள் பெண்கள் இரண்டு மூன்று பேர் வண்டியின் பின்பக்கத்து இரும்புக் கட்டியின் மேல் ஏறி உட்காருவார்கள். பின்சக்கரம் தரையில் பதியும். வண்டி போகும்.

முனிலட்சுமியைத்தான் முதலில் கூப்பிடுவான். அவள் நல்ல கனமான உடம்புக்காரி. "நீ ஒருத்தி ஏறினா ரெண்டு பேரு ஏறினாப்பல" என்பான். சுற்றி நிற்கிற ஆண்கள் சிரிப்பார்கள். பெற்று வளர்த்த உடம்பை, உழைத்து உரமேறிய உடம்பை, பத்துப் பேர் முன்னால் தராசுக் கல்லாக ஏற்றி வைப்பது என்ன பாவம் என்று அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. அவளும் வாயைக் கடித்துக்கொண்டு ஏறினாள்.

ஒரு நாள் முன்சக்கரம் பாறை விளிம்பில் தட்டி வண்டி துள்ளியது. பின்னால் உட்கார்ந்திருந்த சென்னம்மா கீழே விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது. முனிலட்சுமியின் பெரியப்பா மகள் அவள். பேரிகை சாலையில் அடுத்தடுத்த வீடு. ஆஸ்பத்திரியில் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லச் சொன்னான் சென்னகிருஷ்ணன். வலியில் இருந்தவள் அப்படியே சொன்னாள். பழைய வண்டி போயிற்று. தஸ்தகீர் இருந்தான். முனிலட்சுமி அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் மத்தியானம் ராகிக் களியில் அவனுக்கும் ஓர் உருண்டை எடுத்து வைப்பாள். இப்போது தூக்குப்போசியைத் திறக்கும்போது அவன் பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

அதனால் எருமையா கொக்கா என்ற கேள்வி சென்னகிருஷ்ணனுக்கு ஒன்றாகவும் மற்றவர்களுக்கு வேறாகவும் இருந்தது.

அவன் பார்த்தது தரையை. கட்டடத்தின் முன்பக்கம் நெடுகக் குழாய் பதிக்கப் பள்ளம் வெட்டியிருந்தார்கள். எருமை சுவரை ஒட்டி நின்றால்தான் பாரத்தை மாடியில் வைக்க முடியும். பள்ளம் இருப்பதால் பின்பக்கம் சுற்றி, சரிவில் ஏறிப் போக வேண்டும். போனாலும் மாடி விளிம்பில்தான் வைக்கும், அங்கிருந்து சித்தாள்கள் தலையில் சுமந்து கொத்தனார்களிடம் கொண்டுபோக வேண்டும். கொக்கு பள்ளத்துக்கு இந்தப் பக்கமே நின்று கையை நீட்டி, மாடிக்கு உள்ளேயே வைத்துவிடும். ஆனால் எருமையை ஓட்ட எல்லாருக்கும் தெரியும், கெட்டால் ஹோசூரிலேயே சரிசெய்ய ஆள் உண்டு. கொக்குக்கு ஒரு குழாய் வெடித்தாலும் பெங்களூருக்குத்தான் ஓட வேண்டும்.

பெண்கள் பார்த்தது வேலையை. மதுரைப் பக்கத்திலிருந்து புருஷனோடு பிழைக்க வந்த கருப்பாயி, கொக்கு வந்தால் சுமக்க என்ன மிச்சம், நாலு பேரைப் போகச் சொல்லிவிடுவார்கள் என்று பயந்தாள். அது பொய்யான பயமும் அல்ல. முனிலட்சுமி மட்டும் எந்த வண்டி வந்தாலும் சரி, இனி தான் வண்டியில் ஏறப்போவதில்லை என்றாள். அதைச் சத்தமாகச் சொல்லவில்லை. சொன்னால் அன்றே வேலை போய்விடும்.

தஸ்தகீருக்குக் கொக்கின் மேல் ஓர் ஆசை விழுந்தது. கம்பெனிக்காரர், பெங்களூரில் படித்து வந்த இளைஞர், முதல் நாள் அவனுக்கு ஓட்டக் கற்றுக்கொடுக்கும்போது ஒன்றைக் காட்டினார். பாரத்தோடு கையை அளவுக்கு மேல் நீட்டினால் பின்சக்கரங்களில் கனம் குறையும். அதை வண்டி தெரிந்துகொண்டு கத்தும். சிவப்பு விளக்கு எரியும். கை அதற்கு மேல் நீளாது. உள்ளே இழுக்க மட்டும்தான் விடும். தஸ்தகீர் அதைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தான். அன்று வீட்டுக்குப் போனதும் மனைவி அதியாவிடம், நான் சொல்ல வேண்டியதை இனி அந்த வண்டியே சொல்லிவிடும் என்று சந்தோஷமாகச் சொன்னான். அதியா அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள்.

வியாழக்கிழமை இரண்டு வண்டியையும் முழுப் பாரத்தோடு பார்த்துவிடுவது என்று முடிவாயிற்று.

எருமை முதலில் போனது. பின்பக்கச் சரிவில் ஏறி இரண்டாம் மாடி விளிம்பில் அரைப் பாரத்தை வைத்துவிட்டு வந்தது. முழுப் பாரம் ஏற்றியபோது பின்சக்கரம் லேசாகத் தூக்கியது. சென்னகிருஷ்ணன் அப்போது யாரையும் ஏறச் சொல்லவில்லை. கம்பெனிக்காரர் பார்க்கிறார் என்பதாலோ என்னவோ, அடுத்ததைப் பார்ப்போம் என்றான்.

கொக்கு பள்ளத்தின் இந்தப் பக்கம் வந்து நின்றது. தஸ்தகீர் முழுப் பலகையைத் தூக்கினான். கை எழுந்தது, நீண்டது. இன்னும் இரண்டு முழம் போனால் மாடிக்குள் பலகை இறங்கிவிடும். அங்கே வண்டி கத்தத் தொடங்கியது. விட்டு விட்டு, காது கூசும்படி. கை நின்றுவிட்டது.

தஸ்தகீர் கண்ணாடி வழியாகச் சென்னகிருஷ்ணனைப் பார்த்தான். தஸ்தகீரின் நெஞ்சில் குளிர்ந்த தண்ணீர் இறங்கினாற்போல் இருந்தது. சொல்லியாயிற்று. யார் வாயையும் திறக்காமல் சொல்லியாயிற்று.

பாதியை இறக்கிவிட்டு இரண்டு நடையாக வைக்கலாம், அதற்கும் எருமையைவிட நேரம் குறைவுதான் என்று கம்பெனிக்காரர் விளக்கினார். சென்னகிருஷ்ணனின் முகம் சிவந்தது. எல்லார் முன்னாலும் வண்டி கத்தியது அவனைப் பார்த்துக் கத்தியதுபோல் ஆகிவிட்டது.

"ஒரு மெஷினு எனக்கு புத்தி சொல்லுதா" என்றான். பிறகு வழக்கம்போலக் கையை அசைத்தான். "ஏ முனிலட்சுமி, ஹத்து. கருப்பாயி, நீயும் ஹத்து."

கருப்பாயி மாரியம்மன் பேரை முணுமுணுத்துக்கொண்டு ஏறினாள். முனிலட்சுமி நின்றாள். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். வீட்டில் படுத்துக் கிடக்கும் சென்னம்மாவுக்கும் சேர்த்து இவள் கூலியில்தான் உலை கொதிக்கிறது. இனி ஏறுவதில்லை என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டவள் ஏறினாள். இரண்டு பேரும் வண்டியின் பின்மூடியில் உட்கார்ந்தார்கள்.

கத்தல் நின்றது. சிவப்பு விளக்கு அணைந்தது. நீட்டலாம் என்றது வண்டி.

சென்னகிருஷ்ணன் வாய்விட்டுச் சிரித்தான். "பாத்தீங்களா சார், இதுக்கும் நம்ம மருந்துதான்" என்று கம்பெனிக்காரரின் தோளைத் தட்டினான்.

தஸ்தகீரின் கை நெம்புகோலில் இருந்தது. பக்கவாட்டுக் கண்ணாடியில் முனிலட்சுமியின் முகம் தெரிந்தது. அவள் அழவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு எதிரே எதையும் பார்க்காமல் இருந்தாள். தன் உடம்பை அங்கே விட்டுவிட்டு வேறெங்கோ போய்விட்டவள்போல இருந்தாள். அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் அவனுக்குத் தன் மடமை விளங்கிற்று. வண்டி கத்தும், கத்துகிறதன் வாயை அடைக்கிற மனிதன் வந்தால் அடங்கிவிடும். அதற்குத் தெரிந்ததெல்லாம் கனம். அந்தக் கனம் கல்லா பெண்ணா என்று அதற்குத் தெரியாது. தெரிந்த ஒருவன் உள்ளே உட்கார்ந்திருந்தான்.

கையை உள்ளே இழுத்தான். பலகையைத் தரையில் இறக்கினான். எந்திரத்தை நிறுத்திச் சாவியை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

"எறங்குங்க அக்கா" என்றான்.

"யாரு எறங்கச் சொன்னது" என்றான் சென்னகிருஷ்ணன்.

"நான்தாங்க. முடியாதுன்னு வண்டி சொல்லுது. அது வாயை மூடறதுக்கு பொம்பளைங்களை ஏத்தறீங்க. எம்பட கையால இனிமே அது நடக்காது."

"போன மாசம் நீதானே பாய் ஏத்திக்கிட்டு ஓட்டின? அப்ப எங்க போச்சு இந்த நாயமெல்லாம்?"

"எங்கயும் போகலீங்க. பயந்துக்கிட்டு உள்ளயே கெடந்துச்சு."

கொத்தனார்கள் மாடி விளிம்புக்கு வந்து நின்றார்கள். கலவை எந்திரத்தை யாரோ நிறுத்தினார்கள். சென்னகிருஷ்ணன் குரல் உயர்ந்தது. தன்னிடம் கூலி வாங்குகிறவன் தனக்கே சட்டம் சொல்கிறான் என்றான். இதே கையால் சிமெண்டு சட்டி சுமந்துதான் தான் மேலே வந்ததாகவும், அப்போது தனக்கு யாரும் மெத்தை போடவில்லை என்றும் சொன்னான். அது உண்மைதான். சுமந்த தலைக்குச் சுமப்பவள் தலையின் வலி மறந்துபோவதைப்போலக் கொடுமை வேறில்லை.

முனிலட்சுமி இறங்கினாள். சேலையை உதறிக்கொண்டு நேரே அவன் முன்னால் வந்து நின்றாள். ஒன்றரை மாதமாகக் கடித்து வைத்திருந்தது அப்போது வெளியே வந்தது. குரலை அவள் உயர்த்தவில்லை.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கறேன். கல்லைத் தூக்கி முன்னால வெக்கிற. என்னைத் தூக்கி பின்னால வெக்கிற. ரெண்டும் ஒனக்கு எடைதான். ஆனா கல்லு உழுந்து ஒடஞ்சா நீ வேற கல்லு வாங்கணும். சென்னம்மா உழுந்து ஒடஞ்சா ஒனக்கு அந்தக் கஷ்டங்கூட இல்ல. மறுநா காலைல ஹோசூரு பஸ் ஸ்டாண்டுல இன்னொருத்தி வந்து நிப்பா. அப்ப கல்லைவிட நாங்க கீழதானே?"

அவள் தஸ்தகீர் பக்கம் திரும்பினாள். அவன் நன்றியை எதிர்பார்த்தானோ என்னவோ.

"நீ இன்னிக்கி எறங்கிட்ட. அன்னிக்கி எறங்கியிருந்தா அவ இன்னிக்கி நடந்துக்கிட்டிருப்பா."

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

கம்பெனிக்காரர் நடுவே வந்து, ஆளை ஏற்றி ஓட்டுகிற இடத்தில் தங்கள் வண்டியை விட முடியாது என்று தாழ்ந்த குரலில் சொன்னார். தஸ்தகீர் சாவியை அவர் கையில் கொடுத்தான். சென்னகிருஷ்ணனுக்கு அது போதுமானதாயிற்று. எடுத்துப் போங்கள், கத்தாத வண்டி எனக்குப் போதும் என்று எருமையைக் கை காட்டினான். நான்கு நாளாக அளந்த பள்ளம், சரிவு, உயரம் எதுவும் அந்த முடிவில் இல்லை. கோபத்தில் ஒரு மனிதன் எதைத் தேர்ந்தெடுப்பானோ அதைத் தேர்ந்தெடுத்தான்: தன்னை மறுத்துப் பேசாததை.

பிறகு தஸ்தகீரைப் பார்த்துச் சொன்னான். "நாளைக்கி காலைல புது வண்டிக்கு பூசை. பூசை முடிஞ்சதும் முழு லோடு ஏறணும். நான் சொல்றபடி ஓட்டறதா இருந்தா வா. இல்லாட்டி ஹோசூர்ல டிரைவருக்குப் பஞ்சமில்ல."

அன்று தஸ்தகீர் பொழுதோடு வீடு திரும்பினான். நடந்ததைக் கேட்ட அதியா அவனைப் புகழவும் இல்லை, திட்டவும் இல்லை. விழுந்த அந்தப் பெண்ணை இதுவரை ஒரு முறையாவது போய்ப் பார்த்தீர்களா என்று மட்டும் கேட்டாள். அவன் பார்க்கவில்லை. எந்த முகத்தோடு போவது என்றான். இருக்கிற முகத்தோடுதான் என்றாள் அவள். வெளிச்சம் இருக்கும்போதே இருவரும் பேரிகை பஸ்ஸில் ஏறினார்கள்.

சென்னம்மாவின் வீடு தெருக்கோடியில் இருந்தது. கட்டிலை வாசலருகே இழுத்துப் போட்டிருந்தார்கள். முனிலட்சுமி அடுப்பில் வெந்நீர் வைத்துக்கொண்டிருந்தாள். வந்தவர்களைப் பார்த்தாள், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. தஸ்தகீர் வாசற்படிக்கு வெளியே நின்றுவிட்டான். மன்னிப்புக் கேட்கப் பாதையெல்லாம் அடுக்கி வந்த சொற்கள் அந்தக் கட்டிலைப் பார்த்ததும் கலைந்துபோயின.

அதியா உள்ளே போனாள். வாழைப்பழத்தை வைத்துவிட்டுச் சென்னம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். படுத்தே கிடந்ததில் அவள் தலைமுடி ஒரே சிக்காக இருந்தது. யாரையும் கேட்காமல் சுவர்ப் பிறையிலிருந்த சீப்பை எடுத்தாள், எண்ணெய் கேட்டாள். சிக்கை நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, வலிக்காமல் எடுக்கத் தொடங்கினாள். முன்பின் தெரியாத இருவரும் சற்று நேரத்தில் குழந்தைகளைப் பற்றியும் தக்காளி விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தார்கள். சென்னம்மாவின் முகம் தளர்ந்தது. முனிலட்சுமி அடுப்படியிலிருந்து அந்தச் சீப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே நின்ற தஸ்தகீர் பக்கத்துச் சுவரில் சாய்ந்தான். உடனே சென்னம்மா உள்ளேயிருந்து சிரித்தாள்.

"பாய், அந்தச் செவுத்துல சாயாதீங்க. அது அம்மன் செவுரு."

திரும்பிப் பார்த்தான். சுவரில் அகலமாக மஞ்சள் பூசி, நடுவே குங்குமத்தால் சூலம் போட்டிருந்தது. பிராந்திக் கடைக்குப் போய் வருகிறவர்களெல்லாம் அந்தச் சந்தில்தான் ஒதுங்குவார்களாம். கட்டிலில் கிடப்பவளுக்கு நாற்றம் தாங்கவில்லை. சொன்னாலும் கேட்கவில்லை, சண்டை போட்டாலும் கேட்கவில்லை. பிறகு முனிலட்சுமி ஒரு நாள் காலையில் மஞ்சளைக் குழைத்துப் பூசிவிட்டாள்.

"அன்னியிலருந்து ஒருத்தன் நிக்கறதில்ல பாய். சில பேரு செருப்பைக் கழட்டிட்டுப் போறாங்க. எத்தினி குடிச்சாலும் அம்மன் கண்ணுக்குத் தெரியறா. உள்ள ஒருத்தி படுத்திருக்கறதுதான் தெரியல."

அவள் அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். முனிலட்சுமி சிரிக்கவில்லை. வெந்நீர்ப் பானையைக் கையில் பிடித்தபடி சுவர்ப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு தஸ்தகீரிடம் தானாகப் பேசினாள்.

"நாளைக்கி பூசையில வண்டிக்கு முன்னாடி மட்டுந்தான் பொட்டு வெப்பாங்களா?"

"முன்னாடிதாங்க்கா."

"சரி. நாளைக்கி நீ வேலைக்கு வா."

வெள்ளிக்கிழமை காலை ராகுகாலத்துக்கு முன் பூசை. கொக்கு லாரியில் ஏறி, நீண்ட கையை மடக்கிக்கொண்டு பெங்களூர்ப் பக்கம் போய்விட்டது. எருமைக்கு முன்னால் வாழைக் கன்று கட்டினார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சென்னகிருஷ்ணன் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி வந்திருந்தான். பக்தியில் குறையில்லாதவன். ஊர் மாரியம்மன் பண்டிகையில் வருஷம் தவறாமல் தீ மிதிக்கிறவன். தஸ்தகீர் ஓரமாக நின்றான். அவன் நெஞ்சுக்குள்ளும் ஒரு வேண்டுதல் ஓடிக்கொண்டிருந்தது.

எல்லாரும் முன்னால் கூடியிருந்தபோது முனிலட்சுமி ஒரு பித்தளைச் சொம்போடு வண்டியின் பின்னால் போனாள். பெண்கள் ஏறி உட்காருகிற அந்த இரும்புக் கட்டியை முதலில் ஈரத்துணியால் துடைத்தாள். குழைத்த மஞ்சளை உள்ளங்கையால் மேலும் பக்கமும் இடம் விடாமல் பூசினாள். குங்குமத்தைத் தொட்டு மூன்று கிளையாகச் சூலம் இழுத்தாள். கைப்பிடிக் கம்பியில் வேப்பிலைக் கொத்தைக் கட்டினாள். பின்னால் வந்த கருப்பாயி இரண்டு முழம் கனகாம்பரத்தைக் கொண்டையிலிருந்து உருவி அதன்மேல் சுற்றிவிட்டு, "வந்து ஒக்காரு தாயி, நாங்க ஒக்காந்தது போதும்" என்றாள்.

சென்னகிருஷ்ணன் கற்பூரத் தட்டோடு வண்டியைச் சுற்றி வந்தான். பின்பக்கம் வந்ததும் நின்றான். கை தானாகத் தட்டை உயர்த்தியது. இடது கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டான். செருப்பில்லாத கால்களோடு ஒரு கணம் கண்ணை மூடினான். திறந்தபோதுதான் தான் எதைக் கும்பிட்டோம் என்று அவனுக்குப் புரிந்தது. எதிரே முனிலட்சுமி மஞ்சள் கையோடு நின்றாள்.

தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. முழுப் பலகை வந்தது. தஸ்தகீர் தூக்கினான், பாரம் மேலே போகப் போகப் பின்சக்கரம் மெல்ல எழும்பிற்று. அவன் கையை நிறுத்திக்கொண்டு காத்திருந்தான். பெண்கள் கூடையும் சும்மாடுமாக நின்றார்கள்.

சென்னகிருஷ்ணனின் கை வழக்கம்போல உயர்ந்தது. "ஹ..." என்று தொடங்கினான். பார்வை வேப்பிலையில் பட்டது.

"ஏறணுமா மேஸ்திரி?" என்றாள் கருப்பாயி, மிகவும் பணிவாக. "அம்மா மடியில காலை வச்சுத்தான் ஏறணும். நீங்க சொல்லுங்க, ஏறுறோம்."

மாடியில் ஒரு கொத்தனார் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். சென்னகிருஷ்ணன் உயர்த்திய கையால் தலையைச் சொறிந்துகொண்டான். பின்சக்கரம் தரைக்கும் காற்றுக்கும் நடுவே நின்றது.

"பாதி எறக்கு" என்றான்.

இரண்டு நடையாக ஏறியது. அதனால் கட்டடம் இடிந்துவிடவில்லை. யார் குடியும் முழுகிவிடவில்லை. அந்தப் பாதியை அன்றே இறக்கியிருந்தால் ஒருத்தி இன்று எழுந்து நடமாடுவாள். எல்லா உயிரிலும் இருக்கிறாள் என்று நாம் கும்பிடுகிற தாய், முனிலட்சுமி உட்கார்ந்தபோது அங்கே இல்லாமல், மஞ்சள் பூசியபோதுதான் வந்தாளா? தெய்வத்தின் மேல் பயமுள்ளவன் மனிதர் மேல் இரக்கமில்லாமல் இருக்க முடிகிறது என்றால், அவன் கும்பிடுவது எதை?

மத்தியானம் பாறை நிழலில் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். முனிலட்சுமி தூக்குப்போசியைத் திறந்தாள். மஞ்சள் போகாத கையால் ஒரு களி உருண்டையை எடுத்து மூடியில் வைத்து, கீரைக் கடைசலை ஊற்றி, தஸ்தகீர் பக்கம் நகர்த்தினாள். "ஒம்பொண்டாட்டி கையால சீவினதுல அவ நேத்து நல்லாத் தூங்கினா" என்றாள். அவன் குனிந்து சாப்பிட்டான்.

அடுத்த வாரம் நல்ல மழை. விடிந்தபோது மேடெல்லாம் செம்மண் ஓடிக் கிடந்தது. தஸ்தகீருக்கு முதல் நினைவே வண்டியின் பின்பக்கம்தான். வரும் வழியில் இறங்கி, ஒரு கடை திறக்கக் காத்திருந்து, மஞ்சள் தூளும் குங்குமமும் வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு ஓடி வந்தான். ஆனால் வேலை அதற்குள் தொடங்கியிருந்தது. பலகை தயாராக இருந்தது. இரும்புக் கட்டி வெறும் இரும்பாக நனைந்து நின்றது. மஞ்சளும் இல்லை, சூலமும் இல்லை, வேப்பிலைக் கொத்தும் காற்றில் போய்விட்டது.

சென்னகிருஷ்ணன் அதைப் பார்த்தான். பெண்களும் அவன் பார்ப்பதைப் பார்த்தார்கள். முனிலட்சுமி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். இன்று தடுக்க ஒன்றுமில்லை. அவள் இருக்கிறாள், அவன் இருக்கிறான், நடுவே ஈர இரும்பு இருக்கிறது.

அவன் நெடுநேரம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு யார் முகத்தையும் பார்க்காமல், சாந்துச் சட்டியைக் காலால் நகர்த்திக்கொண்டே சொன்னான்.

"மசமசன்னு நிக்காதீங்க. பாதி எறக்குங்க."

அச்சத்தால் சொன்னானா, வெட்கத்தால் சொன்னானா, கடவுளுக்குத்தான் தெரியும். தஸ்தகீர் மெல்ல முனிலட்சுமியிடம் போய்ப் பையிலிருந்த பொட்டலங்களை நீட்டினான். இனி இது வேண்டியிருக்காது போலிருக்கிறதே அக்கா என்றான்.

அவள் பொட்டலத்தைப் பிரித்தாள். சென்னகிருஷ்ணன் போன திசையைப் பார்த்தாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"இன்னிக்கி கேட்டான். நாளைக்கிம் கேக்கட்டும், நாளான்னிக்கிம் கேக்கட்டும். சென்னம்மா எழுந்து நடந்து வந்து இதைத் தன் கையால தொடைக்கட்டும். அது வரைக்கும் இருக்கட்டும்."

ஈர இரும்பின் மேல் மஞ்சளைக் கொட்டி, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தாள்.